மாடிக்கு ஒரு தனி லைன்

அத்தியாயம் 11

மேட்டுப்பட்டியில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஆறு வருஷத்தில் ஜெஸ்ஸி மாமியாரிடம் மறைத்த விஷயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உடைந்த ஊறுகாய் ஜாடி ஒன்று, சொல்லாமல் வாங்கிய சேலை ஒன்று, இப்படிச் சில்லறைச் சமாச்சாரங்கள். போன வியாழக்கிழமை மறைத்தது மட்டும் கொஞ்சம் பெரியது. அது மாடி அறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டு, பச்சை விளக்கு நாலைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மாடிக்கென்று தனியாக ஒரு இன்டர்நெட் லைன்.

இதைப் போய் யாராவது மறைப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். மாமியார் ஆனந்தமேரியின் வீட்டில் மறைக்கத்தான் வேண்டும். பொங்கல் கழிந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஜெஸ்ஸி இந்தப் பேச்சை எடுத்தாள். பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும்போது லைன் இழுக்கிறது, மாடிக்குத் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். மாமியார் ரசத்தை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

“ஒரு வீட்டுக்கு எதுக்கும்மா ரெண்டு லைனு? இன்னிக்கு லைனு தனி, நாளைக்கு அடுப்பு தனி. என் தங்கச்சி வீடு இப்படித்தான் ரெண்டாச்சு.”

அதோடு பேச்சு முடிந்தது. மாமியார் பயந்ததில் தப்பும் இல்லை, அதுதான் கொடுமை. மாடியில் தனிச் சமையல் வைத்துக்கொள்வது என்று ஜெஸ்ஸியும் அவள் புருஷன் ஆண்டனிராஜும் முடிவே செய்துவிட்டார்கள். ஈஸ்டர் முடியட்டும், தம்பிக்குக் கால் கட்டுப் பிரிக்கட்டும், அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்றான் ஆண்டனிராஜ். பக்குவம் வருகிறவரை லைன் எதற்குக் காத்திருக்க வேண்டும்? தாடிக்கொம்பில் ஒரு துக்க வீட்டுக்கு ஆனந்தமேரி கிளம்பிப் போன அன்று ஆளை வரச் சொல்லி மாட்டிவிட்டார்கள்.

தம்பி என்றால் ஆல்வின். கட்டடங்களுக்குப் பிளான் வரைகிறவன். ஒரு மாதத்துக்கு முன் ரெட்டியார்சத்திரம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டான். அன்றைக்கு அவன் சொந்த வேலையாகப் போகவில்லை. ஜெஸ்ஸியின் அப்பாவுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கப் போனான். அவள்தான் அனுப்பினாள்.

இன்னும் மூன்று வாரம் காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடி அறையில் இருந்தவனைக் கட்டிலோடு கீழே ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். அவனுடைய பெரிய கம்ப்யூட்டரை மட்டும் கொண்டுவரவில்லை. இடம் மாற்றினால் ஆன் ஆகாமல் ஒரு வாரம் அடம்பிடிக்கிற ரகம் அது. அதனால் ஆல்வின் கட்டிலில் சாய்ந்தபடி, மடியில் பிளான் வரையத் தெம்பில்லாத ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அதன் வழியாக மாடிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை பார்ப்பான். இவன் இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே கோடு விழும். முதல் நாள் அதைப் பார்த்த ஆனந்தமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாலு நாளாக வலி மாத்திரையின் மயக்கத்தில் கிடந்த ஆல்வின், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தான்.

“அண்ணி! மேல என் சிஸ்டம் ஆன்ல இருக்கா?”

“இருக்கு தம்பி!”

“உள்ள போக மாட்டேங்குதே. அப்படி ஒரு சிஸ்டமே இல்லங்குது.”

ஜெஸ்ஸி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு அவன் அறைக்குப் போனாள். கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருந்தது. நெட்டும் வந்தது. பின்னே என்ன?

ஆல்வின் அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னான். “அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் நீங்கதான் எனக்குக் கை. நாலு மணிக்குள்ள சித்தையன்கோட்டை மண்டபத்துப் பிளான அனுப்பியாகணும். படிக்கட்டும் சாப்பாட்டுக் கூடமும் மட்டும்தான் பாக்கி. ரெண்டு மணி நேர வேலை.”

அந்த மண்டபத்தைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இத்தனை வருஷமாக அவன் வரைந்ததில் எல்லாம் வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். இதுதான் அவன் பெயரிலேயே வந்த முதல் வேலை. கொடுத்தவர் என்ஜினியர் முத்துக்கிருஷ்ணன். நல்ல மனுஷர், ஆனால் கறார். காலையில்தான் போன் செய்திருந்தார். ‘பார்ட்டி நாலரைக்கு வர்றாங்க. நாலுக்கு வரலைன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும் ஆல்வின், தப்பா நினைக்காத’ என்று.

வைத்தியம் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் தூங்கிவிடுகிறதா என்று பார்க்கச் சொன்னான். தூங்கவில்லை. அணைத்துப் போடச் சொன்னான். போட்டாள். வெளியிலிருந்து வருகிறவரை உள்ளே விடலாமா என்று கேட்கிற இடத்தில் ‘விடலாம்’ என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். இருந்தது.

“அப்ப பயர்வால்தான் மறிக்குது. வாசல்ல நிக்கிற காவக்காரன் மாதிரி அது. செத்த நேரம் அத நிப்பாட்டி வைங்க.”

காவக்காரனை நிப்பாட்டியும் கதவு திறக்கவில்லை. நெட் வழியாக நுழைகிற வேறு ஒரு ஆப்பையும் போட்டுப் பார்த்தான். “இது ஆவாது அண்ணி. நான் ஒரு பக்கம் இழுக்குறேன், கோடு ஒரு பக்கம் போகுது” என்று அதையும் மூடினான்.

பத்தே முக்காலுக்கு ஆல்வின் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“அண்ணி, கறுப்பு ஸ்கிரீன் ஒண்ணு வரும். நான் சொல்றத அதுல அடிங்க. அடிச்சா அந்த சிஸ்டத்தோட நம்பர் வரும். மொத ரெண்டும் எல்லா வீட்டுலயும் ஒண்ணுதான். மூணாவது என்னன்னு பாருங்க. அது தெருப் பேரு மாதிரி. நாலாவது கதவு நம்பர். நம்ம இன்டர்நெட் பெட்டி எப்பவும் அதுக்கு மூணாவது சைபர், நாலாவது பன்னெண்டுன்னுதான் குடுக்கும். ரெண்டு சிஸ்டமும் ஒரே தெருவுல இருந்தாத்தான் ஒண்ணை ஒண்ணு கூப்பிட முடியும்.”

ஜெஸ்ஸி அடித்தாள். நம்பர் வந்தது.

192.168.1.4.

வியாழக்கிழமை வந்த ஆள், சுவர் ஓட்டையில் ரெண்டு வயர் நுழையாது, கீழேயிருந்து வருகிற பழைய வயரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதும், இவள் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. பழையதை உருவிவிட்டு ஆல்வினின் கம்ப்யூட்டரையும் புதுப் பெட்டியில் செருகிவிட்டுத்தான் அவன் போனான். மாடி வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. கீழே இருக்கிறவன் பழைய தெருவில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

“அண்ணி? என்ன வருது? மூணாவது சைபர்தானே?”

உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். கீழே அம்மியடியில் மாமியார் யாருடனோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஆல்வினின் போனும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. இவள் சொல்கிற எண் ஹாலில் கேட்கும், ஆல்வின் ‘அதெப்படி?’ என்பான், மாமியார் ‘என்னடா?’ என்பாள்.

“ஆமா தம்பி. சைபர், பன்னெண்டு.”

“அப்ப லைன்ல கோளாறு இல்ல” என்றான் ஆல்வின். “நாந்தான் எதையோ கெடுத்து வச்சிருக்கேன்.”

ஒரு பொய்யைச் சொன்னதும் மனசு அடித்துக்கொள்ளும் என்பார்கள். ஜெஸ்ஸிக்கு அப்படி ஒன்றும் அடித்துக்கொள்ளவில்லை, முதலில் நிம்மதிப் பெருமூச்சுதான் வந்தது. அந்தப் பெருமூச்சை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

மொட்டை மாடிக்குப் போய் வேடசந்தூர் மில்லில் இருந்த புருஷனைக் கூப்பிட்டாள். ஆண்டனிராஜ் மிஷின் இரைச்சலுக்கு நடுவில் கேட்டுவிட்டு, “நல்ல வேளை, சமாளிச்சிட்ட. சாயங்காலம் நான் வந்து வயர மாத்திக்கிறேன்” என்றான்.

“நாலு மணிக்குள்ள அனுப்பணுமாம்ங்க.”

“அவன் எப்படியாச்சும் பாத்துக்குவான். நீ அம்மாட்ட மட்டும் எதையும் உளறி வைக்காத.”

போனை வைத்துவிட்டான். எப்படிப் பார்த்துக்கொள்வான்? பார்த்துக்கொள்ள முடியாதபடி செய்துவிட்டுத்தானே இவள் வந்து நிற்கிறாள்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம், இல்லாத கோளாறை ஆல்வின் தேடினான். பாஸ்வேர்டை மாற்றினான். மாற்றியதை மறுபடி மாற்றினான். புதிதாக ஒரு பெயரில் கணக்குத் திறக்கச் சொன்னான். ஜெஸ்ஸி அவன் சொன்னதையெல்லாம் செய்தாள். செய்வதில் குறையே வைக்கவில்லை. சீக்காளிக்குத் தவறான மருந்தைக் கொடுத்துவிட்டுத் தலைமாட்டில் விசிறிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

நடுவில் ஒரு தடவை அவன் சிரித்தான். “அண்ணி, பக்கத்துல மைதீன் பிச்சை அண்ணன் வீட்டுல புதுசா வைஃபை போட்டுட்டாங்க போல. லிஸ்ட்ல வருது. நம்மளத விட நல்லா எடுக்குது, பாருங்களேன்.”

“அப்படியா?” என்றாள் ஜெஸ்ஸி. அந்த வைஃபை எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

மதியம் சாப்பிடக் கீழே இறங்கினாள். ஆல்வின் தட்டில் சோறு அப்படியே காய்ந்திருந்தது. ஆனந்தமேரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏலே, உனக்கும் அந்தப் பொட்டிக்கும் என்னடா சண்டை? சோத்தத் தின்னுட்டுச் சண்டை போடு. அவளையும் காலையிலருந்து மேலயும் கீழயும் அலைய விடுற.”

“சரிம்மா, சரிம்மா.” ஆல்வின் ஜெஸ்ஸியைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. “மன்னிச்சிருங்க அண்ணி. இம்புட்டுப் படுத்துறேன். போன வாரம் மாத்திரை மயக்கத்துல நாந்தான் எதையோ தட்டிவிட்டுருக்கேன். இந்த ஒரு மாசமா உங்களுக்கு என்னால சிரமம்தான்.”

ஜெஸ்ஸி சோற்றைப் பிசைந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவன் சொன்னது பொய்யும் இல்லை. ஒரு மாதமாக அவனுக்கு வெந்நீர் வைத்து, உடம்பு துடைக்கத் துணி நனைத்துக் கொடுத்து, மூத்திரப் பாத்திரம் எடுத்துக் கொட்டி, ஒரு நாள் அலுப்பில் ஆண்டனிராஜிடம், ‘எத்தனை நாளைக்குங்க நான் இதைப் பாக்கிறது?’ என்று கேட்டாள். தனி லைன் பேச்சு பொங்கலுக்கே வந்தது. தனி அடுப்பு முடிவு அன்றைக்குத்தான் வந்தது.

ஒன்றரை மணிக்கு ஆனந்தமேரி அன்பியக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். தெரு முனையில் ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேர் கூடி ஜெபம் சொல்வார்கள். போகும்போது, “இவனுக்காக ஒரு ஜெபம் சொல்லிட்டு வாரேன். அந்தப் பொட்டிக்கும் சேத்து” என்றாள்.

ஜெஸ்ஸி மறுபடி மாடிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இப்போது மாமியார் வீட்டில் இல்லை. சொல்வதானால் இப்போது சொல்லலாம். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே பதினைந்து நிமிஷத்தைக் கழித்தாள்.

படிக்கட்டில் ஏதோ தேய்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, மறுபடி தேய்ந்தது.

எட்டிப் பார்த்தாள். ஆல்வின் படியில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். மாவுக்கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டி, ரெண்டு கையையும் மேல் படியில் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாகத் தன்னைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அதற்குள் ஆறு படி ஏறிவிட்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் கால் இடிபடும்போது பல்லைக் கடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

“ஐயோ தம்பி! ஏறாதீங்க!”

“நேர்ல பாத்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும் அண்ணி. இன்னும் பத்துப் படிதான்.”

ஜெஸ்ஸி ஓடி இறங்கி அவனுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். யோசித்து வைத்திருந்த ஆரம்பம் ஒன்றும் உதவவில்லை.

“தம்பி, அந்த நம்பர நான் பொய்யாச் சொன்னேன். மூணாவது சைபர் இல்ல. ஒண்ணு.”

ஆல்வின் வேலை தெரிந்தவன் ஆயிற்றே, ஒரு எண் கையில் கிடைத்ததும் மீதியைத் தானே கூட்டிக்கொண்டான். தெரு வேறு என்றால் பெட்டி வேறு.

“அப்ப அது மைதீன் பிச்சை அண்ணன் வீட்டு வைஃபை இல்ல.”

“இல்ல. மாடியோடது. வியாழக்கிழமை போட்டோம்.”

“அண்ணனுக்கும் தெரியுமா?”

“ரெண்டு பேரும் சேந்துதான் போட்டோம்.”

பொங்கல் வாரம் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னபோது அவனும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருந்தான். லைனுக்கு அடுத்தது என்ன என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாவுக்கட்டின் மேல் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

“நான் இப்படிக் கிடக்கிறதாலயா அண்ணி?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஜெஸ்ஸிக்கு அந்த நொடியில் வாய் வரவில்லை. வந்தபோது நேரம் கடந்திருந்தது, இனி சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகத்தான் இருக்கும். கண்ணீர்தான் வந்தது.

“உங்களை அன்னிக்கு நாந்தான் தம்பி அனுப்புனேன்” என்றாள். “உங்க காலை ஒடச்சதும் நான், இன்னிக்குக் கையக் கட்டுனதும் நான்.”

அதற்கு ஆல்வின் ‘பரவால்ல’ என்று சொல்லவில்லை. அதை அவன் சொல்லாததே நியாயம் என்று அவளுக்குத் தோன்றியது.

“மணி என்ன?”

“ரெண்டு ஆகப்போகுது.”

“என்னைக் கீழ எறக்குங்க. அந்த வைஃபை பாஸ்வேர்டச் சொல்லுங்க. லேப்டாப்பையும் அந்தத் தெருவுக்கே கொண்டு போயிருவோம்.”

தோள் கொடுத்து அவனை இறக்கிக் கட்டிலில் உட்காரவைத்தாள். பாஸ்வேர்டை அவளே அடித்தாள். பிறகு மாடிக்கு ஓடி, கறுப்புத் திரையில் இருந்த நம்பரை, இந்தத் தடவை உள்ளபடி ஒவ்வொரு எண்ணாகப் போனில் படித்தாள். திடீரென்று அவள் கண் முன்னாலேயே திரை பூட்டிக்கொண்டது. ஆல்வின் உள்ளே போய்விட்டான். காலையிலிருந்து வராத வழி, உண்மையைச் சொன்னதும் ரெண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிளான் போனது. நாலேகாலுக்கு முத்துக்கிருஷ்ணன் கூப்பிட்டார். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலை மட்டும் நாளைக்குக் கொஞ்சம் அகலப்படுத்து, மற்றபடி பேஷ் என்றார். ஆல்வின், “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினான். மாவுக்கட்டுக்கு மேலே தொடை வீங்கியிருந்தது. ஜெஸ்ஸி துணியில் ஐஸைச் சுற்றி எடுத்து வந்தாள். அவன் காலைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

வெயில் தாழ்ந்த பிறகு ஆனந்தமேரி வந்தாள். கூட்டத்தில் கொடுத்த சுண்டலைப் பொட்டலமாகக் கையில் வைத்திருந்தாள்.

“என்னடா, பொட்டி வழிக்கு வந்துச்சா?”

ஜெஸ்ஸி வாய் திறப்பதற்குள் ஆல்வின் முந்திக்கொண்டான்.

“வந்துருச்சும்மா. எல்லாம் என் தப்புதான். போன வாரம் ஒரு நம்பர மாத்தி வச்சுட்டு மறந்துட்டேன். அண்ணிதான் கண்டுபிடிச்சாங்க.”

“பாத்தியா!” ஆனந்தமேரிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “உன் முட்டாத்தனத்துக்கு ஒரு நாப்பூரா அவளுக்கு வேலை. இன்னிக்குக் கூட அன்பியத்துல சொன்னேன்டா, எனக்குப் பொம்பளப் பிள்ளை இல்லங்கிற குறையே இல்லன்னு. பெத்த பிள்ளை கூட இப்படிப் பாக்காது. இந்தாம்மா, சுண்டல் சூடா இருக்கு, மொதல்ல நீ தின்னு. ராத்திரிக்கு அடுப்படிப் பக்கமே வராத. சோறு, வெஞ்சனம் ரெண்டும் நான் பாத்துக்கிறேன்.”

பொட்டலத்தை ஜெஸ்ஸியின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். ஆல்வின் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, சொல்ல வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான். கோபம் இருக்கத்தான் செய்தது அந்த முகத்தில். அதையும் வைத்துக்கொண்டுதான் அவன் அவளைக் காப்பாற்றினான்.

மேஜை மேல் போன் அதிர்ந்தது. ஆண்டனிராஜ். ஜெஸ்ஸி அதை எடுக்கவில்லை. சுண்டலை மேஜையில் வைத்தாள்.

“அத்தே, தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. அவரு எனக்காகச் சொல்றாரு.”

“என்னம்மா சொல்ற?”

“மாடிக்கு வாங்க அத்தே. செவுத்துல ஒண்ணு மாட்டியிருக்கு, நீங்க பாக்கணும்.”

ஆனந்தமேரி மகனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். மருமகளைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஜெஸ்ஸிக்கு முன்னால் போய் முதல் படியில் கால் வைத்தாள்.